ஐஸ் முசேயின் வால்நட்சத்திரம்

ஆகாயத்தில் இருப்பதற்குப் பூமியில் சொந்தக்காரர் உண்டென்றால், வால்நட்சத்திரத்துக்குச் சொந்தக்காரர் காரைக்கால் ஐஸ் முசே ஒருவர்தான். சந்திரனுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. சூரியனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வால்நட்சத்திரத்துக்கு மட்டும் ஒரே ஆள். அவரும் பங்குக்கு யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, 'யார் இது?' என்று நானே கேட்டேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அங்கே கௌரவமானவர்களை முசே என்று அழைப்பார்கள். பிரெஞ்சுக் கப்பலில் ஐஸ் மிஷின் வேலை பார்த்தவர் என்பதாலும், தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி இருந்ததாலும் அந்தப் பட்டம் இவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியும் பட்டமும் தொப்பியும் போகவில்லை.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஐம்பத்தேழாம் வருஷம். ஆறாம் வகுப்பில் படிப்பை விட்டு, விழுப்புரத்தில் ஓட்டல் மேஜை துடைத்து, நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கி, தோள் வீங்கியபின் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். காரைக்கால்மேட்டுக் கரையில் அவருடைய ஐஸ் கொட்டகை இருந்தது. வேலை உண்டா என்று கேட்டேன். "வால்நட்சத்திரத்தோட வாலு எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கும்?" என்று கேட்டார். "பின்பக்கம்" என்றேன். நான் சொன்னது தப்பு. ஆனால் அன்றைக்கு ஐஸ் உடைக்க வேறு ஆள் இல்லாததால் சேர்த்துக்கொண்டார். உமி மூட்டைகளின் மேல் படுக்கை. ஐஸ்பாளங்கள் கரைந்த தண்ணீர் விடிவதற்குள் முதுகுவரை வந்துவிடும். ஆனால் கொசு வராது.

கப்பலில் போன காலத்திலிருந்தே சேர்த்த பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றிலிருந்து அவர் தெரிந்துகொண்டது, வால்நட்சத்திரம் என்பது புழுதி கலந்த பெரிய ஐஸ்பாளம் என்பது. அது தெரிந்த நாளிலிருந்து அதைத் தன் தொழிலின் ஒரு கிளையாகவே அவர் கருதினார். மீன் வாங்கவந்த வியாபாரி ஐஸ் கேட்டால் போதும்.

"இத கையில வச்சுக்கங்க. தூரத்துல இருக்கற வரைக்கும் இது வெறும் அழுக்குக் கட்டி. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. சூரியங்கிட்ட வர வர சூடு ஏறும். ஐஸு தண்ணியாவாது, நேரா ஆவியாப் போயிடும். ஆவி கெளம்புறப்ப உள்ள இருக்கற புழுதியையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பும். ஆவி தானா மினுங்கும், புழுதி சூரிய வெளிச்சத்த வாங்கி நமக்குக் காட்டும். கிட்ட போகப் போக ஆவி அதிகம், புழுதி அதிகம், வெளிச்சம் அதிகம். சுத்திக்கிட்டுத் திரும்புச்சுன்னா..."

"முசே, நீங்க திரும்புறதுக்குள்ள என் கூடையில பாதி ஐஸு வால்நட்சத்திரமாப் போச்சு" என்பாள் அஞ்சலை. கரையில் மீன் எடுத்து ஊருக்குள் கூடை சுமந்து விற்பவள். அவள் வாய்க்கு ஏலக்காரர்களே ஒதுங்குவார்கள்.

முசேக்கு ஒரு பெண் இருந்தாள், சரோஜா. தாய் இல்லை. பக்கத்துத் தருமபுரத்து வீட்டில் அவளும் இவரும் மட்டும். இரண்டு வரன் வந்து போயிருந்தது. முதல் மாப்பிள்ளையிடம் என்னைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவனும் பின்பக்கம் என்றிருக்கிறான். "சூரியனுக்கு எதிர்ப்பக்கம். வரும்போது பின்னால, போகும்போது முன்னால" என்று திருத்தி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். ஐஸ் உடைக்க என்னைச் சேர்த்துக்கொண்டவர், பெண் கொடுக்க அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வரன் கேள்வியைக் கேள்விப்பட்டு வரவே இல்லை.

மூன்றாவது வரன் மேற்கே அம்பகரத்தூர். தகப்பனார் வைத்திலிங்கம், நஞ்சை வைத்திருப்பவர். பையனுக்குத் தபாலாபீஸில் உத்தியோகம். இந்தத் தடவை பெண் பார்க்க வந்தபோது சரோஜா தகப்பனாரைக் கொட்டகையைவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லவே இல்லை. சித்தப்பா ஒருவரை உட்காரவைத்துக் காரியத்தை முடித்தாள். வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமானது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அம்பகரத்தூர் பஸ் வரும் நேரத்துக்கு வாசல் தெளிக்கிற வழக்கம் புதிதாக ஏற்பட்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் பத்திரிகைக்காரர்கள் வால்நட்சத்திரம் ஒன்று வருகிறது என்று போட்டார்கள்.

பெண்ணுக்குப் புடவை எடுக்க வேண்டிய நேரத்தில் முசே ஒரு ஜட்கா வண்டியையும் மரைக்காயரின் ஒலிபெருக்கி செட்டையும் பிடித்தார். ஊரெல்லாம் அவர் குரல் சுற்றியது. "தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷத்துல வந்தத நான் சின்னப் பையனா இருந்து பாத்திருக்கேன். இது அதவிடப் பெருசு. வர்ற வெளிச்சத்துல பேப்பர் படிக்கலாம். எல்லாரும் சாயங்காலம் கடற்கரைக்கு வந்துடுங்க."

மரைக்காயர் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "மைக்கக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க முசே. வாயிலேர்ந்து வர்ற எச்சிலே பெரிய வாலாட்டம் இருக்கு."

ஊர் வந்தது. தருமபுரத்துக்காரர்கள் பாயோடு வந்தார்கள். சுண்டல்காரன் பெரிய அண்டாவோடு வந்தான். எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். காரைக்காலில் எது வந்தாலும் கடலில்தான் வரும். கப்பல், சந்திரன், புயல், பிரெஞ்சுக்காரன், எல்லாமே. பத்தாம் வருஷத்து வால்நட்சத்திரமும் விடியற்காலத்தில் கடலுக்கு மேல்தான் நின்றதாம். முசே முன்வரிசையில் தொப்பியோடு நின்று கடலை அதட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. கடல் கறுத்தது. ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "முசே, ஐஸு கப்பல்லயே உருகிப் போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "பொறுமை" என்றார் முசே. "கிட்ட வர வரத்தான் வெளிச்சம் ஏறும்."

அஞ்சலைக்குப் பொறுமை கிடையாது. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப்பக்கம் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"முசே, ஒங்க வால்நட்சத்திரம் மேக்கால நிக்குது. அதுபாட்டுக்கு வந்து நம்ம முதுகப் பாத்துக்கிட்டிருக்கு."

கடற்கரை முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது. சூரியனைச் சுற்றிவிட்டுச் சாயங்காலத்தில் தெரிகிற வால்நட்சத்திரம், சூரியன் போன பக்கம்தானே நிற்கும்? ஐஸ், ஆவி, புழுதி எல்லாம் அறிந்த முசேக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்றாலும் நான் ஒலிபெருக்கி பிடிக்கவில்லை.

பேப்பர் படிக்கிற வெளிச்சமெல்லாம் இல்லை. ஆனால் அழகாக இருந்தது. வயல்களுக்கு மேலே, வடமேற்கில், வாலை மேலே தூக்கிக்கொண்டு வெள்ளையாக நின்றது. பாய்களையெல்லாம் மேற்கே திருப்பிப் போட்டார்கள். பிறகு ஒருவர் கையை நீட்டித் திசை பார்த்தார்.

"நேரா அம்பகரத்தூர் மேல நிக்குதே. முசேக்குச் சம்பந்தி ஊரு இல்ல அது?"

மறுநாள் மத்தியானம் வைத்திலிங்கம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்றார் முசே.

"உக்காரல. கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்புடிச் செய்வாங்களா? வால்நட்சத்திரம் வந்தா ஊருக்கே ஆகாதும்பாங்க. வராம இருக்கணும்னு ஒலகமே வேண்டிக்குது. நீங்க ஒலிபெருக்கி வச்சுக் கூப்புட்டிருக்கீங்க. அதுவும் எங்க வீட்டு மேல."

பெண்ணின் தகப்பனாக இருந்தால் அந்த இடத்தில் கையைப் பிடித்திருக்க வேண்டும். வால்நட்சத்திரத்தின் சொந்தக்காரராக இருந்ததால் முசே கோபப்பட்டார். "ஒங்க வீட்டு மேல இல்ல. அது கோடிக்கணக்கான மைலு தள்ளி நிக்குது. இன்னைக்கே காட்டுறேன், கெளம்புங்க."

அன்று சாயங்காலம் சம்பந்தியையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். அம்பகரத்தூரில் இறங்கிப் பார்த்தோம். வால்நட்சத்திரம் பேரளத்துப் பக்கம் நின்றது.

"பாத்தீங்களா? ஒங்க ஊரு மேல இல்ல. எல்லைக்கு அந்தாண்ட போயிடுச்சு. மெட்ராஸ் ராஜ்யத்துல நிக்குது. இனிமே அது அவங்க பாடு."

வைத்திலிங்கத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதோடு விட்டிருக்கலாம். முசேக்கு விடத் தெரியாது. வந்த பஸ்ஸிலேயே மறுபடி ஏற்றிப் பேரளம் வரை கொண்டுபோனார். அங்கே அது கும்பகோணத்துப் பக்கம் நின்றது. முசே வெற்றியோடு சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி வெளிறிப்போயிருந்தார்.

"எங்க போனாலும் கூடவே வருதே" என்றார். "இது என்னை விடாது போலருக்கு."

திரும்பி வருகிற வழியில் சம்பந்தி அம்பகரத்தூரில் இறங்கிக்கொண்டார். சரோஜா வாசலில் நின்றிருந்தாள். தகப்பனார் முகத்தைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"கடைசி பஸ்ஸுல வர்றீங்க. பேரளம் வரைக்கும் கூட்டிப் போனீங்களாக்கும்?"

"அறிவியல் பூர்வமா விளக்கினேம்மா."

"நீங்க விளக்குனதெல்லாம் போதும்ப்பா. அவங்க கேக்கறதுக்கு மட்டும் ஒரு தடவ பதில் சொல்லுங்க."

அவள் தானே சொல்லி அனுப்பி வைத்திலிங்கத்தை வீட்டுக்கு வரவழைத்தாள். முசே கொல்லையில் ஏற்பாடு செய்தார். நடுவில் ஒரு பெட்ரோமாக்ஸ், அது சூரியன். என் தலையில் சாக்கு, சாக்கின்மேல் ஐஸ்பாளம், அதன்மேல் சலித்த உமிச்சாம்பல். நான் வால்நட்சத்திரம். பல ஊரில் பல வேலை பார்த்திருக்கிறேன், கேவலம் என்று எதையும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குக் கழுத்துவழியாக இறங்கிய சாம்பல் தண்ணீர் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தள்ளி நில்லு. சம்பந்தி, இவன் தெரியறானா?"

"தெரியலைங்க."

"கிட்ட வா. இன்னும் கிட்ட. சரோஜா, வெளக்குப் பக்கத்துலேர்ந்து விசிறு."

சரோஜா ஓலை விசிறியால் ஒரு வீசு வீசினாள். அவளுக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும். சாம்பல் மொத்தமாகக் கிளம்பி, வெளிச்சத்தில் வெள்ளையாக நீண்டு, விளக்குக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சம்பந்தியின் சலவை வேட்டியில் போய் இறங்கியது. அதைவிட நல்ல வால் நான் எந்த ஆகாயத்திலும் பார்த்ததில்லை.

வைத்திலிங்கம் வேட்டியைத் தட்டிக்கொள்ளவில்லை. நிதானமாகக் கேட்டார். "அப்ப, சூரியனை விட்டுத் தள்ளிப் போகப் போக இது அடங்கிடும்?"

"அடங்கிடும். சூடு கொறையும், ஆவி நிக்கும், புழுதி கெளம்பாது. நம்மள விட்டும் தூரமாப் போகுது. நாளுக்கு நாள் மங்கும்."

"சுத்தமா?"

"சுத்தமா" என்றார் முசே. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

"அப்ப மங்கட்டும். என் கண்ணுக்குத் தெரியாமப் போனப்பறம் கல்யாணத்த வச்சுக்குவோம். அதுக்கு முன்னாடி இல்ல."

அதற்குப் பிறகு முசேயைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சாயங்காலம் மேற்கே பார்ப்பார். மங்கியிருந்தால் பெண்ணின் தகப்பனாக ஒரு பெருமூச்சு, சொந்தக்காரராக ஒரு பெருமூச்சு. இரண்டும் வேறு வேறு சத்தம்.

"மொத தடவ வர்ற வால்நட்சத்திரத்த நம்பவே கூடாது" என்பார். "மேலாப்புல இருக்கற இளகுன ஐஸத் தூரத்துலேயே கொட்டி ஜோராக் காட்டும். அத வச்சு இம்மாம் பெருசு வரும்னு நாம சொல்லிடுவோம். கிட்ட வந்தா அவ்வளவு இருக்காது."

"பொண்ணு பாக்க வர்றவங்க பேச்சு மாதிரி" என்றாள் சரோஜா.

"ஆனா நாளைக்குக் கொஞ்சம் கூடினாலும் கூடும்."

"கூட வேணாம்ப்பா. அது போகட்டும்."

அது போயிற்று. ஆனால் போய் முடிவதற்குள் குறித்த முகூர்த்தமும் போயிற்று. பிறகு வைத்திலிங்கம் வயல் வேலை என்றார், ஆடி என்றார், கடைசியில் ஆவணி என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் தருமபுரத்துக்கு வந்து துக்கம் விசாரிக்கிற குரலில், "இன்னும் ஆவலையா?" என்று கேட்டுப் போனார்கள். சரோஜா வாசல் தெளிப்பதை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. இன்னொரு முறை தள்ளினால் அம்பகரத்தூர்க்காரர்கள் வேறிடம் பார்த்துவிடுவார்கள் என்று சித்தப்பா கொட்டகைக்கே வந்து சொன்னார். முசே அன்று ஐஸ் வாங்கியவர்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அவர்கள் பயந்துபோய் எடையைச் சரிபார்த்தார்கள்.

ஆடி முடிகிற சமயம். சாயங்காலம் கூடையோடு அஞ்சலை வேகமாக வந்தாள்.

"முசே, மேக்கால இன்னொண்ணு வந்திருக்கு. வாலோட."

நான் எழுந்து பார்க்கப் போனேன். முசே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் மட்டும் வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மேகம் பாதி மூடியிருந்தது. மீதிப் பாதியில் அது நின்றது. ஒரே வருஷத்தில் இரண்டாவது. அவர் பத்தாம் வருஷத்திலிருந்து இன்னொன்று வராதா என்று காத்திருந்தவர்.

திரும்பி வந்து ஐஸ்மேல் உமியைத் தள்ளினார்.

"அது மேகம்" என்றார்.

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மேகத்துக்கு ஏது முசே வாலு?"

"இந்த மாசத்துல இருக்கும்."

அஞ்சலை வாயைத் திறந்தாள். கல்யாணத்துக்குக் கட்ட வீட்டுக் கொல்லையில் ஒதுக்கி வைத்திருந்த வாழைமரங்களைப் பற்றி அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மேகந்தான். எனக்கும் அப்புடித்தான் பட்டுச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஊரில் ஒரு விசித்திரம். முசே சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். முசே சொல்லாத வால்நட்சத்திரத்தை யாரும் பார்ப்பதில்லை. பத்திரிகையில் ஏதோ போட்டிருக்கிறதே என்று மரைக்காயர் கேட்டதற்கு, "இருந்தா நான் சொல்லமாட்டேனா?" என்றார் முசே. அது சரிதானே என்று மரைக்காயர் போய்விட்டார். மீதியை ஆடி மாதத்து மேகங்கள் பார்த்துக்கொண்டன.

ஆவணியில் மாப்பிள்ளை அழைப்பு. அந்தத் தெருவில் ஊர்வலம் வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே வரும். முசே மாற்றினார். மேற்குக் கோடிப் பிள்ளையார் கோயிலில் இருந்து கிழக்கே வர வேண்டும் என்றார்.

"ஏன் சம்பந்தி?" என்றார் வைத்திலிங்கம்.

"மாப்பிள்ளை கெழக்கப் பாத்துத்தான் வரணும். சாஸ்திரம்."

அவர் வாயில் சாஸ்திரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் தூக்கிவந்த சோடா பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். ஊரில் உள்ள பெட்ரோமாக்ஸ் எல்லாம் அங்கே இருந்தன. அதில் பாதி வைத்திலிங்கத்தின் இரண்டு பக்கமும் நடந்தது.

"கண்ணு கூசுதே சம்பந்தி."

"ஒங்க கௌரவத்துக்குக் கொறைச்சலா வைக்க முடியுமாங்க?"

பக்கத்தில் வெளிச்சம் இருந்தால் தூரத்து மங்கல் தெரியாது. சூரியனை ரொம்ப நெருங்கிய வால்நட்சத்திரத்தைக்கூட அந்த வெளிச்சமே நம் கண்ணுக்கு மறைத்துவிடும் என்று எனக்கு அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார். ஊர்வலம் கிழக்கே நகர்ந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தலுக்குள் நுழைந்ததும் பெட்ரோமாக்ஸ்களும் உள்ளே போயின.

நான் சோடாவுக்கு ஐஸ் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். முசே அங்கே தனியாக நின்றிருந்தார். மேற்கே, தென்னைகளுக்கு மேலே, விரலால் தேய்த்த விபூதி மாதிரி அது மங்கலாகத் தெரிந்தது. கவர்னர் வந்தபோதும் கழற்றாத தொப்பி அவர் கையில் இருந்தது. முதல் தடவையாக அவர் தலையைப் பார்த்தேன். வழுக்கை.

"மேகந்தானே முசே?" என்றேன்.

"மேகந்தான். நாளைக்கு இன்னும் மங்கும்."

பின்கதவு திறந்தது. சரோஜா, தலையில் பூவும் கழுத்தில் நகையுமாக வந்து நின்றாள். உள்ளே யாரோ அவளைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தகப்பனார் பார்த்த பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மேகம் நல்லாருக்குப்பா" என்றாள்.

முசே தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த மழைக்கு முன்னால் நானும் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பிறகு எத்தனையோ கரைகளில் வேலை பார்த்தாயிற்று. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற சாயங்கால நேரத்தில், நான் மட்டும் ஒரு தடவை திரும்பி மேற்கே பார்த்துக்கொள்கிறேன். வெறும் மேகமாக இருந்தாலும் பரவாயில்லை.